காதுக்காரர் சொன்ன சரி

மேடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்ப்பதற்காகப் பட்டறையில் ஒரு பள்ளம் இருக்குமே, அதை நாலு பலகையால் மூடி, மேலே ஒரு மேசையும் ஒலிபெருக்கியும் வைப்பதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே காதுக்காரரின் படத்தைத் திறக்கிறார்கள். திறந்த பிறகு அவர் மனைவி தையல்காரம்மா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று, பட்டறையில் அவருடைய கூட்டாளியான வெல்டர் வீட்டுக்கே வந்து கேட்டுக்கொண்டு போயிருந்தார். அன்று முதல் தையல்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பேச வராது என்பதல்ல பிரச்சினை. அந்த அம்மாவுக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் தெருவே வயிறு வலிக்கச் சிரிக்கும். முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனிதரைப் பற்றிச் சொல்வதற்கு அவளிடம் உண்மையாக இருந்தது ஒரே ஒரு சங்கதிதான்: ‘நான் சொன்ன எதையும் இந்த மனிதர் ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.’ இதை ஒலிபெருக்கியில் எப்படிச் சொல்வது? வேறு எதைச் சொன்னாலும் அது ஒப்புக்குச் சொன்னதாகிவிடும். செத்துப் போய் ஒரு மாதம் ஆன புருஷன்மேல் இன்னும் கோபமாக இருக்கலாமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். கூடாதுதான். ஆனால் கோபம் இருந்தது.

காதுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் எடுத்ததும் எதையும் பிரிக்க மாட்டார். எஞ்சினை ஓடவிடச் சொல்வார். மரக்கைப்பிடி போட்ட, முழங்கை நீளத் திருப்புளி ஒன்று வைத்திருந்தார். அதன் நுனியை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, “மூணாவது வால்வு” என்பார். அல்லது, “எஞ்சின்ல ஒண்ணும் இல்ல, வாட்டர் பம்பு பேரிங் போச்சு” என்பார். மூன்று இடத்தில் பிரித்து மாட்டியும் சரியாகாத லாரி ஒன்றை அவர் இப்படிக் கேட்டே குணப்படுத்திய கதை, ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும் ஒரு இடம் கூடிக்கொண்டே போய், அவர் இறந்தபோது ஏழு இடத்தில் வந்து நின்றிருந்தது.

இவ்வளவு பெரிய காது வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் தையல்காரம்மாவின் வழக்கு.

“ஏங்க, அடுப்பை அணைங்க” என்று குளியலறையிலிருந்து கத்துவாள். அடுப்புக்கு இரண்டடி தூரத்தில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பால் பொங்கி வழிந்து கருகிய வாசனை வந்த பிறகு எழுந்து போய் அணைத்துவிட்டு, ஏதோ பெரிய விபத்தைத் தடுத்தவர்போல் வந்து நிற்பார். நேருக்கு நேர் நின்று கேட்டால் மட்டும் பதில் வரும். அந்தப் பதிலும் ஒன்றே ஒன்றுதான். “சரி.”

அந்தச் சரியால் விளைந்ததெல்லாம் கொஞ்சமா நஞ்சமா? “எங்கண்ணன் ரெண்டு நாள் இங்க வந்து தங்கட்டுமா?” என்று துணியை மடித்தபடி ஒருமுறை கேட்டாள். “சரி” என்றார். இரண்டாம் நாள் காலையில் பெட்டியும் படுக்கையுமாக அண்ணன் வாசலில் நின்றபோது, யாரோ விலாசம் தவறி வந்துவிட்டதாக நினைத்து அவருக்கு வழி சொல்லப் போனார். அண்ணன் எட்டு மாதம் இருந்தார். அந்த எட்டு மாதத்திலும் காதுக்காரர் முகம் சுளித்ததில்லை. மச்சானின் பழைய சைக்கிளை மட்டும் நாலு தரம் கழற்றி மாட்டினார். இன்னொரு முறை, “கதவுக்குப் பச்சை மட்டும் வேண்டாம்” என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். சரி என்றார். மறுநாள் கதவு பச்சை.

“பாத்தியாடி உங்கப்பாவை? வேணும்னே பண்றாரு. வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துக்கிட்டு நெனச்சதைச் சாதிக்கிறாரு. கல்லுளிமங்கன்!”

மகள் சிரிப்பாள். “நான் சொன்னாக் கேக்குறாரேம்மா.”

அதுவும் உண்மைதான். சின்ன வயதில் மகள் அப்பாவின் தோளில் ஏறி, அவர் உச்சந்தலையில் மோவாயை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். அந்த உயரத்திலிருந்து அவள் கேட்டது எதுவும் தவறியதில்லை. பென்சில் கேட்டால் பென்சில் வரும். சிநேகிதியின் பொம்மை வண்டிக்குச் சக்கரம் கேட்டால் பேரிங் வைத்த சக்கரமே வரும். அந்தப் பொம்மை வண்டி தெருவில் நிஜ வண்டிகளை முந்திப் போனதாகப் புகார்கூட வந்தது. ‘பெத்த பொண்ணுன்னா ஒரு காது, பொண்டாட்டின்னா வேற காது’ என்று தையல்காரம்மா அதற்கும் ஒரு கணக்குச் சொல்வாள்.

இதையெல்லாம்விட அவளைச் சுட்டது வேறொன்று. ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனாள். ஒரு பக்கம் சுத்தியல் அடி, ஒரு பக்கம் எஞ்சின் உறுமல். நடுவில் இவர் நாலு பேரோடு உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில், சிரிப்புக்குச் சிரிப்பு என்று வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் அவளுக்கே ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் எல்லாம் கேட்டது. ஆக, மனிதருக்குக் காது இருக்கிறது, வீட்டுக்குத்தான் இல்லை என்று அன்றைக்கு அவள் மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். அது அழியவே இல்லை.

குடும்பத்தை விட்டு ஒரு நாள் தள்ளி இருந்தவரும் இல்லை. பட்டறை மூடியதும் நேரே வீடு. சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தால், ஜன்னல் வெளிச்சத்தில் அவள் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பாள். அவர் அவளுக்குப் பின்னால் தரையில் அமர்வார். முதுகோடு முதுகு ஒட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, அவளுடைய இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடிவிடுவார். அவ்வளவுதான், மனிதர் தூங்கியாயிற்று. கல்யாணமான இரண்டாம் வருஷம் ஆரம்பித்த பழக்கம். உடம்பு சரியில்லாத நாளில்கூட விட்டதில்லை.

“என்னைச் சுவருன்னு நெனச்சுட்டாரு” என்று மகளிடம் அலுத்துக்கொள்வாள். ஆனால் நகர மாட்டாள். நகர்ந்தால் அவர் தலை தொங்கிவிடுமே என்று ஊசியைக்கூட அளந்துதான் இழுப்பாள்.

தூங்குகிற மனிதரிடம் மரியாதை எதற்கு? பகலெல்லாம் ‘ஏங்க, வாங்க’ என்று இருந்தவள் அந்த நேரத்தில் ‘நீ’க்கு இறங்கிவிடுவாள். நூலைக் கோத்தபடி வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள். “உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு அம்மிக்கல்லைக் கட்டியிருந்தா, அதாவது ஒரு வேலைக்கு ஆகியிருக்கும்.” “உன் அக்கா வந்தா நாலு நாள் இருக்கா, போகும்போது என் நல்ல கத்திரியையும் எடுத்துட்டுப் போறா.” “இந்த முக்காலி வேற ஒரு பக்கம் ஆடுது.” வாய் ஓயும்வரை ஓடும். காதுக்காரர் அசைய மாட்டார்.

படத்திறப்புக்கு முதல் நாள், சனிக்கிழமை, அவருடைய கருவிப்பெட்டியை எடுத்துவரலாம் என்று பட்டறைக்குப் போனாள். வெல்டர் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் மேலேயே அந்த நீளத் திருப்புளி கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தாள். கைப்பிடியின் மேல்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

“தம்பி, பட்டறையில எலி இருக்கா? கைப்பிடியைக் கடிச்சு வெச்சிருக்கு பாருங்க.”

வெல்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது.

“எலி இல்ல அண்ணி. அண்ணன்தான்.”

“அவரா? திருப்புளியைக் கடிக்கிற அளவுக்கு என்ன பசி அவருக்கு?”

“கேக்குறதுக்கு.” வெல்டர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “கொஞ்ச வருஷமாக் காதுப் பக்கத்துல வெச்சாப் பத்தல. அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு பல்லால கடிச்சுக்கிட்டுக் கேப்பாரு. யாரும் பக்கத்துல வராம நான் நின்னு பாத்துக்குவேன். ‘கேக்கும்போது கிட்ட நிக்கக் கூடாது’ன்னு வண்டிக்காரங்களை எல்லாம் வெரட்டிடுவேன்.”

“என்ன சொல்றீங்க?”

“அண்ணனுக்குக் காது கேக்காது அண்ணி. கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சது. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

தையல்காரம்மா அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். வெல்டர் மெதுவாகச் சொன்னார். காதுக்குள்ளே அரிசி அளவு எலும்பு ஒன்று இருக்கிறதாம். அவருக்கு அது துருப்பிடித்த கீல்போல் இறுகிப் போய்விட்டதாம். அதனால் சத்தம் காற்று வழியாக உள்ளே போகாது, எலும்பு வழியாகப் போகும். அறுவை செய்யலாம், ஆனால் பத்தில் ஒருவருக்கு இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் தானாகிவிட்டால் குடும்பம் என்ன ஆகும் என்று இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. காதுக்காரருக்குக் காது கேட்காது என்று வெளியே தெரிந்தால் யார் வண்டி விடுவார்கள்?

“ஆனா இங்க எல்லாரோடயும் நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாரே? நானே பாத்தேனே?”

“இந்தச் சத்தத்துல நாங்க எல்லாருமே தொண்டை கிழியக் கத்துவோம்ல அண்ணி. அது அவருக்குக் கேக்கும். வீட்டு அமைதிதான் அவருக்கு ஆகாது.”

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை என்பதை வெல்டர் பார்த்தார். நின்றிருந்த வண்டி ஒன்றின் பானெட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டார். “காது ரெண்டையும் விரலால நல்லா அடைச்சுக்குங்க. இதைக் கடிங்க” என்று திருப்புளியை நீட்டினார். அவள் கைக்குட்டையை எடுத்தாள். துடைக்க மனம் வராமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். காதை அடைத்துக்கொண்டு, அவருடைய பல் பதிந்த இடத்திலேயே தன் பல்லை வைத்துக் கடித்தாள். வெல்டர் நுனியை எஞ்சின்மேல் வைத்தார்.

தலைக்குள் எஞ்சின் ஓடியது. ஒவ்வொரு வால்வும் தனித்தனியாகக் கேட்டது. எங்கோ உள்ளே ஒரு பேரிங் கரகரவென்று முனகிக்கொண்டிருந்ததுகூடக் கேட்டது.

கைப்பிடியை விட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்து வெல்டர் பார்த்ததே இல்லை. பயந்துபோய் எஞ்சினை நிறுத்தினார்.

“தம்பி, இரும்பு மேல வெச்சாத்தான் கேக்குமா? ஆள் மேல சாஞ்சாலும் கேக்குமா?”

“ஆளும் எலும்புதானே அண்ணி.”

“என் முதுகுல சாஞ்சுக்குவாரு. அப்போ நான் பேசினா?”

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். “நான் ஒரு தடவை அண்ணன்கிட்டக் கேட்டேன். வீட்டுலயாவது சொல்லிடுங்களேன்னு. ‘சொன்னா அவ கத்திப் பேச ஆரம்பிச்சிடுவாடா. இப்ப சாயங்காலம் அவ வாய்க்குள்ளயே பேசறது எனக்கு நல்லா இருக்கு. தெரிஞ்சா நிறுத்திடுவா’ன்னாரு.”

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, வெட்கம். நடுத்தெருவில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்மிக்கல் கேட்டிருக்கிறது. அவர் அக்காவைப் பற்றிச் சொன்னதெல்லாம் கேட்டிருக்கிறது. அவர் பாட்டுப் பாடினால் பக்கத்துவீட்டு நாய் ஏன் வீட்டை விட்டு ஓடுகிறது என்று அவள் விளக்கியது கேட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், அதன்பிறகு அவர் பாடவே இல்லை. முப்பது வருஷ வசவு. ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, எழுந்து முகம் கழுவி, ஒன்றும் நடக்காததுபோல் “சாப்பிடலாமா?” என்று கேட்டிருக்கிறார் திருட்டு மனிதர். வழியில் போன ஒருவர் இவள் தனியே சிரிப்பதைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

வீட்டுக்குள் வந்து ஜன்னலோரம் முக்காலியைப் பார்த்ததும்தான் சிரிப்பு நின்றது. அது ஆடாது. பல வருஷங்களுக்கு முன்பே ஆட்டம் நின்றுவிட்டது. தானாக நின்றுவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். மரச்சாமான்மேல் இருந்த அந்த நம்பிக்கை அவளுக்குப் புருஷன்மேல் இருந்ததில்லை. தையல் மிஷின் மிதியில் குதிகால் வலிக்கிறது என்று முணுமுணுத்திருந்தாள். ஒரு நாள் பார்த்தால் அதில் டயர் ட்யூபை வெட்டி மெத்தென்று ஒட்டியிருந்தது. மகள்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். மகளோ நான் இல்லை என்றாள். நாத்தனார் கொண்டுபோன கத்திரி சாணை பிடித்துத் திரும்பி வந்ததும், ஜன்னல் கொக்கி கிறீச்சிடுவது நின்றதும் அப்படித்தான். கத்திச் சொன்னது எதுவும் நடக்கவில்லை. வாய்க்குள் சொன்னது எல்லாம் நடந்திருந்தது. இரண்டையும் ஒருபோதும் சேர்த்துப் பார்க்கத் தோன்றாத தன் புத்தியை அவள் அன்றைக்கு நன்றாகத் திட்டினாள்.

அப்புறம் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன முதல் வாரம். மழை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் பின்னால் சாய்ந்திருந்த தலையிடம் சொன்னாள், “நீ எனக்கு முன்னாடி போயிடாத, என்ன? போயிட்டா நான் யாரைத் திட்டிக்கிட்டு இங்க உக்காந்திருப்பேன்?”

பின்னாலிருந்து, “சரி” என்று வந்தது.

ஊசி நின்றது. “தூங்கலையா?” என்றாள். பதில் இல்லை. தூக்கத்தில்கூட இந்த மனிதருக்குச் சரிதான் வருகிறது என்று தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த காஜாவுக்குப் போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்து, போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் தொட்டி ஓரம் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

முக்காலியைப் பிடித்துக்கொண்டு தையல்காரம்மா அழுதாள். இந்த ஒரு மாதத்தில் அவள் அழாமல் இல்லை. ஆனால் அதுவரை அழுததில் பாதி கோபம் கலந்திருந்தது. இது கலப்பில்லாத அழுகை. அந்த மனிதரை அவள் அவ்வளவு நேசித்திருக்கிறாள் என்பது அவளுக்கே அன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை நிறைந்திருந்தது. மகள் முதல்நாள் இரவு வண்டி பிடித்து வந்திருந்தாள். லாரிக்காரர்கள், பஸ் ஓட்டுநர்கள், உதிரிபாகம் விற்கும் கடைக்காரர் என்று ஒவ்வொருவராக எழுந்து அந்தக் காதைப் பற்றிப் பேசினார்கள். ஏழு இடத்தில் பிரித்த லாரி அன்றைக்கு எட்டாவது இடத்தையும் தொட்டது. இப்படிப்பட்ட காது இனிப் பிறக்குமா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் தலையாட்டினார்கள். வெல்டர் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அம்மா ஒலிபெருக்கியைப் பிடித்தால் என்ன வருமோ என்று அவருக்கு உள்ளூர நடுக்கம். முப்பது வருஷம் காப்பாற்றிய ரகசியம், நாலு பலகைமேல் நின்றுகொண்டிருந்தது.

தையல்காரம்மா எழுந்து போய்ப் படத்தை ஒருமுறை பார்த்தாள். ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

“இவருக்கு நல்ல காதுன்னு எல்லாரும் சொன்னீங்க. உங்களுக்குத் தெரிஞ்சது பாதிதான்.”

வெல்டர் நிமிர்ந்தார்.

“எஞ்சின் கத்தினாத்தான் உங்களுக்குக் கேட்டுச் சொல்லுவாரு. நான் வாய்க்குள்ள முணுமுணுத்தாலே அவருக்குக் கேக்கும். முப்பது வருஷம் இந்த மனுஷனைத் திட்டியிருக்கேன். ஒண்ணு விடாமக் கேட்டாரு. கேட்டுட்டு மறுநாளும் வந்து என் பக்கத்துலதான் உக்காந்தாரு.”

கூட்டம் சிரித்தது. மகள் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். நேற்றுவரை இவள் சொன்னது வேறு கதையாயிற்றே.

“எதைச் சொன்னாலும் சரின்னுதான் சொல்லுவாரு. சொன்னபடி செஞ்சும் குடுத்துடுவாரு. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் சரின்னு சொல்லிட்டு என்னை ஏமாத்திட்டாரு.”

“என்னம்மா அது? சொல்லுங்க, நாங்க செஞ்சு தர்றோம்!” என்று பின்னாலிருந்து ஒரு லாரிக்காரர் குரல் கொடுத்தார். மறுபடி சிரிப்பு. அவளும் சிரித்தாள். “அது உங்களால ஆகாதுப்பா” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தாள்.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். தையல்காரம்மா அதன் விளிம்பில், முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நல்லா சாஞ்சு உக்காரும்மா” என்றாள் மகள். அவள் தலையசைத்தாள், ஆனால் சாயவில்லை. பின்னால் ஒருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தே அவளுக்குப் பழகிவிட்டது.